அருவிக்கு எத்தனை அடி

செவ்வாய், 9-ஆம் தேதி.
இன்றைய தவறு: புத்தகம் முழுவதும் 'அடி' என்று வந்த இடங்களைக் கம்ப்யூட்டரில் ஒரே தட்டலில் 'மீட்டர்' என்று மாற்றினேன். யாரையும் கேட்கவில்லை. சிறிய தவறுதான் என்று நினைக்கிறேன்.

இதை எழுதி, நோட்டை மூடி, அவள் பைக்குள் வைப்பதற்குள் பக்கத்து மேஜையிலிருந்து குரல் வந்தது.

"சந்தேகம்! இங்க கொஞ்சம் வாம்மா. 'மீட்டர்வாரம்'னா என்ன?"

கூப்பிட்டவர், அவள் பிழை திருத்தும் வேலை பார்த்த பதிப்பகத்தில் பக்கங்களை வடிவமைக்கும் லேஅவுட்காரர். அவளுக்குச் சந்தேகம் என்று பெயர் வைத்தவரும் அவர்தான். "எனக்கு ஒரு சந்தேகம்" என்றுதான் அவள் எந்தப் பேச்சையும் தொடங்குவாள். அவள் லீவு போட்ட ஒரே நாளில் அவர் ஆபீஸ் முழுக்க, "இன்னிக்கு நமக்குச் சந்தேகமே இல்ல" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அவள் போய்த் திரையைப் பார்த்தாள். 'மலை மீட்டர்வாரத்தில் தங்கும் விடுதி உண்டு. மீட்டர்ப்படை வசதிகள் குறைவு. மாலையில் காற்று மீட்டர்க்கடி பலமாக மீட்டர்க்கும்.'

"அண்ணா, இது வந்து..."

"விடுதிக்கு ஏம்மா படை எல்லாம் அனுப்பியிருக்க?"

புத்தகத்தின் பெயர் 'மலைகள், ஆறுகள், அருவிகள்: அளவுகளுடன்'. ஆறாம் பதிப்பு. இனிமேல் எல்லா அளவும் மீட்டரில்தான் இருக்க வேண்டும் என்று பதிப்பாளர் சொல்லியிருந்தார். முதலில் சொல்லை மாற்றிவிட்டு, பிறகு ஒவ்வோர் எண்ணாகக் கணக்குப் போட்டு மாற்றலாம் என்பது அவள் திட்டம். திட்டத்தை அவள் தனித் தாளில் வரிசை எண் போட்டு எழுதியும் வைத்திருந்தாள்.

"பழைய ஃபைல் இருக்கும்ல?" என்றார் லேஅவுட்காரர்.

"அதுக்கு மேலயே சேவ் பண்ணிட்டேன்."

"சரி, அழாத. எப்படிப் போனியோ அப்படியே திரும்பி வா. 'மீட்டர்'னு இருக்கிறதை எல்லாம் 'அடி'ன்னு மாத்து."

மாற்றினாள். மீட்டர்வாரம் அடிவாரம் ஆனது. காற்று ஒழுங்காக அடித்தது. இருவரும் மூச்சு விட்டார்கள். அடுத்த பக்கத்தில், 'பேருந்து நிலையத்திலிருந்து 12 கிலோஅடி தூரம். டாக்ஸி அடியைப் பார்த்துப் பணம் கொடுக்கவும்' என்று இருந்தது.

லேஅவுட்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "டாக்ஸி டிரைவர் அடியை யாரும்மா நின்னு பாப்பாங்க?"

அன்றைக்கு அவள் மாலை வகுப்புக்குத் தாமதமாகத்தான் போனாள். மெய்ப்புத் திருத்தக் கற்றுத்தரும் வகுப்பு அது. நோட்டில் தினமும் தேதி போட்டு, அன்றைய தவறு ஒன்றையும் மறுநாள் வேலையையும் எழுத வேண்டும் என்பது வகுப்பாசிரியர் முதல் நாள் போட்ட விதி. மற்றவர்கள் இரண்டாவது வாரமே விட்டுவிட்டார்கள். அவள் ஆறு மாதமாக எழுதிக்கொண்டிருந்தாள். தவறு எதுவும் நினைவுக்கு வராத நாளில், 'இன்று தவறு எதுவும் கண்ணில் படவில்லை. இதுவே தவறாக இருக்கலாம்' என்று எழுதினாள்.

இப்போது விஷயம் விளையாட்டு இல்லை. வெள்ளிக்கிழமை காலை புத்தகம் அச்சுக்குப் போகிறது. அவளுடைய ஆறு மாதத் தற்காலிக வேலையும் அன்றோடு முடிகிறது. "புத்தகம் ஒழுங்காப் போனா நீயும் இருப்ப" என்று பதிப்பாளர் போன வாரம்தான் சொல்லியிருந்தார். புத்தகம் ஒழுங்காகப் போகாவிட்டால் என்ன என்பதை அவர் சொல்லவில்லை. அவளும், வாழ்க்கையில் முதல்முறையாக, சந்தேகம் கேட்கவில்லை.

புதன்கிழமை அவள் ஐந்தாம் பதிப்பைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு, கையால் ஒவ்வோர் இடமாகத் திருத்தினாள். இருநூற்றுப் பதினான்கு இடங்கள். மதியம் மூன்று மணிக்கு ஒன்றே ஒன்று பாக்கி. எண்பத்தேழாம் பக்கத்தில் ஓர் அருவி. பெரிய காட்டுக்குள், சாலை முடிகிற இடத்திலிருந்து நான்கு நாள் நடந்து போக வேண்டிய அருவி. ஐந்தாம் பதிப்பில் உயரம் 1312 அடி என்று இருந்தது. அதை அப்படியே மீட்டராக்கி எழுதியிருந்தால் கதை முடிந்திருக்கும்.

அவள் எழுந்து போய் நான்காம் பதிப்பையும் எடுத்துப் பார்த்தாள்.

"அண்ணா, எனக்கு ஒரு சந்தேகம்."

"வந்துட்டியா."

"நாலாம் பதிப்புல 400 மீட்டர்னு இருக்கு."

"சரியாத்தானே இருக்கு? நானூறு மீட்டர்னா ஆயிரத்து முந்நூத்திப் பன்னண்டு அடி."

"மூணாம் பதிப்புல 'சுமார் 400 அடி'ன்னு இருக்கு."

லேஅவுட்காரர் மூன்று புத்தகங்களையும் வாங்கி வரிசையாக வைத்துப் பார்த்தார். "பதிப்புக்குப் பதிப்பு வளருதே. யாரோ சத்து மருந்து குடுத்திருக்காங்க."

"யாரோ என்னை மாதிரியே அடியை மீட்டர்னு மாத்தியிருக்காங்க அண்ணா."

"அவங்க இப்ப எங்க இருக்காங்கன்னு மட்டும் விசாரிக்காத. உனக்கு நல்லதில்ல."

முதல் இரண்டு பதிப்புகளும் அலமாரியில் இல்லை. முதலில் புத்தகத்தை எழுதியவர் இறந்து பல வருடங்கள் ஆகின்றன. அவள் யோசித்தாள். அருவியின் உயரத்தை அருவிக்குப் பக்கத்தில் இருப்பவர்களிடம் கேட்பதுதான் முறை என்று தோன்றியது. வனத்துறைக்குப் போன் போட்டாள்.

"ஆயிரத்து முந்நூத்திப் பன்னண்டு அடி" என்றார் வனத்துறை அதிகாரி, கொஞ்சமும் தயங்காமல்.

அவளுக்கு உயிர் வந்தது. "நீங்களே அளந்தீங்களா சார்?"

"நான் எங்கம்மா அளக்கறது? நாலு நாள் நடக்கணும். அதுக்கப்புறம் வழுக்குப் பாறை. எதிர் மலையிலேருந்து ரெண்டு தடவை பாத்திருக்கேன். அதுலயும் ஒரு தடவை பனிமூட்டம்."

"அப்ப இந்தக் கணக்கு எங்கேருந்து வந்தது?"

"இருங்க, பாத்துச் சொல்றேன்." தாள் புரளும் சத்தம் கேட்டது. "'மலைகள், ஆறுகள், அருவிகள்: அளவுகளுடன்'. அருமையான புத்தகம்மா. எங்க ஆபீஸ்ல எதுக்கெடுத்தாலும் இதைத்தான் பாப்போம். ஆமா, நீங்க எங்கேருந்து பேசறீங்க?"

அவள் எங்கிருந்து பேசுகிறாள் என்று சொன்னாள்.

"நீங்க எங்களைக் கேக்கறீங்களா?" என்றார் அதிகாரி. "ஆபீஸ் வாசல்ல இந்த உயரத்தைப் போட்டுப் பத்தடி நீளத்துக்குப் பலகை எழுதி வச்சிருக்கேனேம்மா!"

"இல்ல சார், தப்புன்னு சொல்லல. ஒரு சந்தேகம், அவ்வளவுதான்."

அன்று மாலை அவள் அருவியின் புகைப்படத்தை வீட்டுக்கு எடுத்துப் போனாள். அவள் தங்கியிருந்தது சித்தி வீட்டில். சித்தப்பா குழாய் வேலை செய்பவர். தண்ணீர் சம்பந்தப்பட்ட எந்த விஷயமும் தனக்குக் கட்டுப்பட்டது என்ற எண்ணம் அவருக்கு உண்டு. படத்தைச் சாப்பாட்டு மேஜையில் வைத்து, அளவு நாடாவை எடுத்துவந்தார்.

"இதுல என்ன இருக்கு? அருவி ஓரத்துல ஒரு மரம் தெரியுது பாரு. படத்துல மரம் அரை இஞ்ச். அருவி ஆறு இஞ்ச். அப்ப அருவி பன்னண்டு மரம். மரத்தோட உயரத்தைக் கேளு, பன்னண்டால பெருக்கு, முடிஞ்சது."

"வீட்டுக் குழாய் மூணு மாசமா ஒழுகுது" என்று சமையலறையிலிருந்து சித்தி சொன்னாள். "அதை நிறுத்தத் துப்பில்ல. காட்டு அருவியை அளக்கறாராம்."

"அது வாஷர் பிரச்சினை."

"அருவிக்கும் வாஷரை மாத்திட்டு வாங்க. நின்னுபோனப்புறம் நிதானமா அளக்கலாம்."

ஆனால் யோசனை நன்றாக இருந்தது. வியாழக்கிழமை காலை ஆபீஸில் நுழைந்ததும் அவள் மறுபடி போன் போட்டாள்.

"சார், அருவிக்கு வலது பக்கம் ஒரு பெரிய மரம் இருக்கே, அது எவ்வளவு உயரம் இருக்கும்?"

"அதுவா?" அதிகாரி யோசித்தார். "அருவியில பன்னண்டுல ஒரு பங்கு இருக்கும்மா."

அவள் நன்றி சொல்லிப் போனை வைத்தாள். ஐந்து நிமிடத்தில் பதிப்பாளர் அறையில் போன் அடித்தது. பத்தாவது நிமிடத்தில் பதிப்பாளர் கதவைத் திறந்தார்.

"சந்தேகத்தை வரச் சொல்லுங்க."

அவரும் அந்தப் பெயரைத்தான் சொல்கிறார் என்பதை அப்போதுதான் அவள் கவனித்தாள்.

"வனத்துறையில பலகையைக் கழட்டிட்டாங்களாம். பெயிண்டரை வரச் சொல்லிட்டு, என்ன எழுதறதுன்னு என்னைக் கேக்கறாங்க. என்ன இதெல்லாம்?"

"சார், நான் கழட்டச் சொல்லல. சந்தேகமா இருக்குன்னு மட்டும்தான்..."

"உன் சந்தேகத்துக்கு அங்க ஸ்க்ரூ கழண்டிருக்கு."

அவள் மூன்று பதிப்புகளையும் மேஜைமேல் வைத்து, செவ்வாய்க்கிழமை நடந்ததிலிருந்து ஒன்றுவிடாமல் சொன்னாள். கிலோஅடியைக்கூட மறைக்கவில்லை. பதிப்பாளர் தலையில் கை வைத்துக் கேட்டார்.

"சார், அடிக்குறிப்பு ஒண்ணு போட்டுடலாமா? 'இதன் உயரம் குறித்து மாறுபட்ட கருத்துகள் உள்ளன' அப்படின்னு."

"அட்டையில 'அளவுகளுடன்'னு கொட்டை எழுத்துல போட்டுட்டு, உள்ள அளவு தெரியாதுன்னு போடறதா? கல்யாணப் பத்திரிகையில மாப்பிள்ளை பேர் குறித்து மாறுபட்ட கருத்துகள் உள்ளனன்னு போடுவியா?"

"இல்ல சார்."

"முதல் பதிப்போட மூலக் கட்டு ஸ்டோர் ரூம்ல கிடக்கும். அதுல என்ன இருக்கோ அதுதான் கணக்கு. சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள கொண்டு வா. வரலைன்னா..."

வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. முடியாத வாக்கியத்தை என்ன செய்வது என்ற பாடம் மாலை வகுப்பில் இன்னும் வரவில்லை.

ஸ்டோர் ரூம் சாவி பார்சல் அக்காவிடம் இருந்தது. கடைகளுக்குப் புத்தகம் கட்டி அனுப்புவது அவர் வேலை. நூலை இழுத்து முடிச்சுப் போட்டபடியே இடுப்பிலிருந்து சாவியை எடுத்து நீட்டினார்.

"உள்ள தூசி மண்டிக் கிடக்கும். மூக்கைக் கட்டிக்கோ. பல்லி இருந்தா கத்தாத, அதுவும் பயந்துடும்."

அவள் துப்பட்டாவால் மூக்கைக் கட்டிக்கொண்டு உள்ளே போனாள். ஐந்து மணி நேரத்துக்கும் மேல் தேடினாள். மேல் தட்டு, கீழ்த் தட்டு, கதவுக்குப் பின்னால், உடைந்த நாற்காலிக்கு அடியில். நான்கே முக்கால் மணிக்கு, ஒரு பழைய சமையல் புத்தகக் கட்டுக்குள் தவறுதலாகச் செருகப்பட்டிருந்த முதல் பதிப்பின் மெய்ப்புகள் கிடைத்தன. தாள்கள் பழுத்திருந்தன. அருவிப் பக்கத்தில் ஒரு துண்டுச் சீட்டைக் குண்டூசியால் குத்தியிருந்தார்கள். அதில் சிவப்புப் பென்சிலால், அழகான உருண்டையான கையெழுத்தில், ஒரே வரி.

'அருவி, உயரம் 412 அடி.'

அவள் தூசியோடு தூசியாகப் பதிப்பாளர் அறைக்கு ஓடினாள். லேஅவுட்காரரும் பின்னாலேயே வந்துவிட்டார்.

பதிப்பாளர் சீட்டை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார். முகம் மெல்ல மலர்ந்தது.

"நானூத்திப் பன்னண்டு அடி. கிடைச்சுது பாரு! இதை மூணாம் பதிப்புல 'சுமார் 400 அடி'ன்னு சுருக்கியிருக்காங்க. நாலாம் பதிப்புல எவனோ அடியை மீட்டராக்கியிருக்கான். அஞ்சாம் பதிப்புல அந்த மீட்டரைக் கணக்குப் போட்டு மறுபடி அடியாக்கியிருக்காங்க. அடேயப்பா!"

"தொள்ளாயிரம் அடியை நாமளே ஊத்தியிருக்கோம்" என்றார் லேஅவுட்காரர்.

"சிவப்புப் பென்சில். கையெழுத்து. இதைவிட என்ன சாட்சி வேணும்?" பதிப்பாளர் போனை எடுத்து வனத்துறைக்கு அவரே பேசினார். "நானூத்திப் பன்னண்டு. ஆமா, நாலு ஒண்ணு ரெண்டு. மூலத்தையே கையில வச்சிருக்கேன். பெயிண்டர் நாளைக்கு வர்றாரா? நல்லது, நல்லது." போனை வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். அவள் மூக்கிலிருந்து துப்பட்டாவை எடுத்தாள்.

"நாலு பதிப்பா யாருக்கும் வராத சந்தேகம் உனக்கு வந்திருக்கு. நீ ஃபைலைக் கெடுத்ததை நான் மறந்துட்டேன்னு நினைக்காத. ஆனா மறக்க முயற்சி பண்றேன். திங்கட்கிழமையிலிருந்து நீ நிரந்தரம்."

"சார், நிஜமாவா?" என்றாள்.

"பாத்தீங்களா," என்றார் லேஅவுட்காரர், "அதுலயும் சந்தேகம்."

மூவரும் சிரித்தார்கள். டீ வந்தது. மூன்று நாளாக அவள் தோளில் உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று இறங்கிப் போனது போல இருந்தது. எண்பத்தேழாம் பக்கத்தில், இந்த ஒன்றுக்கு மட்டும் மூலத்தில் இருந்தபடியே '412 அடி' என்று எழுதி, அதை மீட்டராக்கி, மூன்று முறை கணக்குப் போட்டுச் சரிபார்த்து, அடைப்புக்குறிக்குள் '125.6 மீட்டர்' என்று சேர்த்தாள். பக்கங்கள் அனைத்தும் ஆபீஸ் பிரிண்டரிலிருந்து வெளிவந்தன. அவற்றை அடுக்கி, மேலே சாட்சியாக அந்தச் சிவப்புச் சீட்டையும் வைத்து, அச்சகத்துக்கு அனுப்பக் கட்டித் தரும்படி பார்சல் அக்காவிடம் கொண்டுபோனாள். காலை பத்து மணிக்கு வண்டி வரும்.

பார்சல் அக்கா நூலைக் கையில் எடுத்தவர், சீட்டைப் பார்த்ததும் நின்றார். கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். பிறகு தூரமாகப் பிடித்தார்.

"இது என் கையெழுத்தாச்சே!"

"உங்க கையெழுத்தா?"

"இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னாடி உன் மேஜையிலதான் நான் உக்காந்திருந்தேன். கண்ணு நல்லா இருந்த காலம். இந்தச் சீட்டை எழுதி வச்சுட்டுத்தான் பிரசவத்துக்கு லீவு போட்டேன். திரும்பி வந்தப்போ மேஜையில வேற ஆளு. என்னைப் பார்சலுக்கு அனுப்பிட்டாங்க."

அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "அக்கா! நீங்கதான் அந்த அருவியோட உயரத்தைக் கண்டுபிடிச்சவங்களா? அந்தச் சீட்டாலதான் எனக்கு வேலையே கிடைச்சிருக்கு. எங்கேருந்து எடுத்தீங்க இந்த அளவை?"

"எந்த அளவு?"

"அதான், 412 அடி. புத்தகத்துல அப்படித்தானே வந்தது? நீங்க பாத்திருப்பீங்களே."

"நான் இந்தப் புத்தகத்தைக் கட்டித்தான் பழக்கம். பிரிச்சுப் பாத்ததில்ல." பார்சல் அக்கா அவளை ஏற இறங்கப் பார்த்தார். "எழுதினவரு அளவு தெரியாம 'உயரம்'னு போட்டு இடத்தைக் காலியா விட்டிருந்தாரு. டைப் பண்ணின பொண்ணு, அவரு கையால எழுதின தாளுக்கு மேல இருந்த பக்க நம்பரைத் தூக்கி அந்தக் காலி இடத்துல வச்சுட்டா. அதைப் பாத்துட்டுத்தான் இந்தச் சீட்டே எழுதினேன்."

"அப்ப, 'அடி'ன்னு எழுதியிருக்கீங்களே?"

"அடி அசடே, அளவா எழுதினேன்? அந்த 412-ஐ அடின்னு எழுதினேன்!"

வியாழன், 11-ஆம் தேதி.
இன்றைய தவறு: என்னுடையது இல்லை. மூன்று முறை யோசித்துப் பார்த்துவிட்டேன், இல்லை.
நாளைய வேலை: பத்து மணி வண்டிக்கு முன்னால், பெயிண்டர் ஏணியில் ஏறுவதற்கும் முன்னால், எண்பத்தேழாம் பக்கத்தில் 412 அடி.